இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான காற்றுப்பை மேலங்கி: தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

விபத்தின்போது கண் இமைக்கும் நேரத்தில் வாயு நிரம்பி, ஓட்டுநரின் கழுத்து, மார்பு, முதுகு ஆகிய பகுதிகளைத் தாங்கும் கையில்லா உடை, காற்றுப்பை மேலங்கி எனப்படும். விலா எலும்பு, நுரையீரல், தண்டுவடம் ஆகியவற்றில் ஏற்படும் காயத்தின் கடுமையைக் குறைப்பதே இதன் பணி. தலைக்கும் கை கால்களுக்கும் இது பாதுகாப்பு அளிப்பதில்லை. ஆகவே ஐ.எஸ். 4151 தரக்குறி கொண்ட தலைக்கவசத்திற்கு இது மாற்றாகாது. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க இயலுமெனில் தலைக்கவசத்தையே வாங்கவும். பின்னால் அமர்பவருக்கும் ஒன்று தேவை.

இரு வகைகள்

முதல் வகை, இணைப்பு வடத்தால் வாகனத்துடன் பிணைக்கப்படுவது. ஓட்டுநர் தூக்கி எறியப்படும்போது வடம் இழுபட்டு, கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து பை விரிகிறது. மின்னேற்றம் தேவையில்லை, குப்பியை மாற்றி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் உடல் வாகனத்தை விட்டு விலகிய பின்னரே இது இயங்கும். வாகனத்திலிருந்து பிரியுமுன்பே மோதல் நேர்ந்தால் உரிய நேரத்தில் விரியாமல் போகலாம். வண்டியில் ஏறியதும் வடத்தை மாட்டுவதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும். மாட்டாத வடத்தால் பயனில்லை.

இரண்டாம் வகை மின்னணு உணரிகளால் இயங்குவது. உடலின் திடீர் அசைவைக் கணித்துத் தானே விரியும். விலை அதிகம், மின்கலத்தில் மின்னேற்றம் இருத்தல் அவசியம். சில நிறுவனங்கள் இதற்கு மாதச் சந்தா வசூலிக்கின்றன. சந்தா நின்றால் மேலங்கி செயல்படுமா என்பதை வாங்குமுன் எழுத்துப்பூர்வமாகக் கேட்டறியவும்.

அளவும் தரமும்

வடத்தால் இயங்கும் மேலங்கிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 1621-4 ஆகும். அதில் முதல் நிலையைவிட இரண்டாம் நிலை, உடலுக்குக் கடத்தப்படும் விசையை மேலும் குறைக்கிறது. உடையின் உட்புறச் சீட்டில் இக்குறியைத் தேடவும்.

மார்புச் சுற்றளவையும் உடல் எடையையும் தயாரிப்பாளரின் அட்டவணையுடன் ஒப்பிடவும். பெரியவருக்கான மேலங்கியைச் சிறுவருக்கு அணிவிக்கக் கூடாது. மேலங்கியின் மீது முதுகுப்பையையோ இறுக்கமான மழை உடையையோ அணியக் கூடாது. விரியும் பைக்கு இடமில்லாதபோது அழுத்தம் மார்பின் மீதே திரும்பும். கடையில் நின்றபடி மட்டுமன்றி, வண்டியில் அமர்ந்த நிலையிலும் அணிந்து பார்க்கவும். வெயிலில் கழற்றி வைக்கத் தூண்டும் உடை வீணே. வலைத்துணியாலானது நம் கோடைக்கு ஏற்றது.

கருவுற்றவர்கள், இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்கள், மார்பிலோ முதுகெலும்பிலோ அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மேலங்கி வாங்குமுன், இருசக்கர வாகனப் பயணம் தமக்கு உகந்ததா என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் கேட்கவும்.

மேலங்கி விரிந்த பிறகு

108 எண்ணை அழைக்கவும். பையிலிருந்து வாயு பொதுவாகத் தானே மெல்ல வெளியேறும். அதைக் கழற்றும் அவசரத்தில் காயமுற்றவரின் கழுத்தையோ முதுகையோ அசைக்கக் கூடாது. மூச்சுக்குத் தடை இருந்தால் மட்டும் முன்புறக் கொக்கிகளை விடுவிக்கவும். ஆம்புலன்ஸ் பணியாளரிடம் இது காற்றுப்பை மேலங்கி எனத் தெரிவிக்கவும்.

வெளிக்காயம் தென்படாவிட்டாலும் உள்காயம் இருக்கக்கூடும். மூச்சுத் திணறல், வயிற்று வலி, தலைசுற்றல், கை கால் மரத்துப்போதல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், அது நள்ளிரவாயினும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லவும்.