சாந்து பூசும் உரிமை

நம் கதைகளில் பழைய வீட்டுக்குக் குறைவில்லை. முற்றம், ஊஞ்சல், தூண், அந்தத் தூணில் சாய்ந்தபடி இறந்துபோன ஒரு பாட்டி. ஆனால் சுவர் எதனால் ஆனது, மேல்தளத்தை யார் தட்டி இறுக்கினார்கள் என்ற விஷயங்கள் நம் பிரக்ஞைக்கு வருவதே இல்லை. வீடு நமக்கு நினைவாக மட்டுமே இருக்கிறது. நினைவுக்குக் கொத்தனாரும் சித்தாளும் தேவையில்லை.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்திக்குப் போகும் பாதையில் உள்ள எங்கள் குடும்ப வீட்டைச் சீர்செய்ய நேர்ந்தபோதுதான் இதையெல்லாம் யோசித்தேன். மலைமேல் மலையாளி மக்களின் வீடுகள் மண்ணும் மூங்கிலும் புல்லுமாக இருந்த காலத்தில், அடிவாரத்தில் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பிய மெத்தை வீடு இது. செங்கல் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் விறகு மலையைத் தவிர வேறெங்கிருந்து வந்திருக்கும்? 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காடுகள் காப்புக்காடுகளாயின. அதற்கு முன்னும் பின்னும் எரிந்த மரங்களில் கொஞ்சம் எங்கள் சுவரிலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் செங்கல் புதிதல்ல. 1945ல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது செங்கல் கட்டடங்கள் கிடைத்தன. 2015ல் அகழாய்வு தொடங்கிய கீழடியிலும் கிடைத்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று பெருமை பேசுகிறது. அதுவரை கோயில்கள் எவற்றால் ஆனவை என்பதற்கு அதுவே சாட்சி. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். நம் சரித்திரம் கல்லைப் பின்பற்றிச் சென்றுவிட்டது. செங்கல் வீடுகளுக்குள் ஒதுங்கிற்று. வீடுகளுக்கு யாரும் சரித்திரம் எழுதவில்லை.

வீட்டைப் பற்றிக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சொல்வது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் அழகியல் அல்ல, அனுமதி. சோழர் காலப் பிரமதேயச் சாசனங்களில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது தனிச் சலுகையாகச் சொல்லப்படுகிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் பெயரில் உள்ள கல்வெட்டு இன்னும் வெளிப்படையானது. வெங்கால நாட்டுக் கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்கிறது அது. அதாவது, அதுவரை கூடாது. ஊருக்கெல்லாம் வீடு கட்டித்தரத் தெரிந்தவர்கள் தங்கள் சுவருக்குச் சாந்து பூச அரசாணைக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டின் சிக்கலும் சாந்தில்தான் ஆரம்பித்தது. 1982ல் சிமெண்ட் மீதான கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்து, பர்மிட் இல்லாமலும் மூட்டை கிடைக்கத் தொடங்கிய பிறகு, சித்தப்பா சுவர்களின் பழைய காரையின்மேல் சிமெண்ட் பூசினார். அன்று அது கௌரவம். 1904ல் சென்னையில் சிமெண்ட் செய்ய ஒரு முயற்சி நடந்து தோற்றது. 1914ல் போர்பந்தரில் வெற்றி கண்டது. ஆனால் எங்கள் பக்கத்துச் சாதாரண வீடுகளுக்கு அது எட்ட இத்தனை வருஷம் ஆயிற்று. சுண்ணாம்புக் காரை தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்து, மெதுவான பழைய செங்கல்லைப் பின்புறமிருந்து பொடியாக்கிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் சுவர் மழமழவென்றிருக்கும்.

பார்க்க வந்த முதல் காண்ட்ராக்டர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிவிட்டு, “இடிச்சிட்டு பில்லர் போட்டுக் கட்டிடலாம் சார்” என்றார். இரண்டாமவரும் அதையேதான் சொன்னார். மூன்றாமவர் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். கடுக்காயும் வெல்லமும் எவ்வளவு ஊறவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூலியை மிச்சம் பிடிக்க, சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கும் வேலையைக் குடும்பமே எடுத்துக்கொண்டது. தம்பியும் அக்கா பிள்ளைகளும் நானும் ஒன்பது நாள் உளியும் சுத்தியுமாக நின்றோம். அக்கா கணக்கு எழுதினாள்.

சுவர் திறந்தபோது வீடு ஒரே காலத்தது அல்ல என்று தெரிந்தது. முன்கட்டில் ஒன்றரை அங்குலச் சன்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சங்குபோல் இழைத்த பூச்சு. பின்கட்டில் தடித்த செங்கல், இடையில் வெறும் மண். அங்கே சித்தப்பாவின் சிமெண்டுக்குக் கீழே பழைய பூச்சென்று எதுவுமே இல்லை. முன்கட்டில் குடும்பம் இருந்தது. பின்கட்டில் மாடும் பண்ணையாளும். கரூர்க் கல்வெட்டைத் தேடிக் கரூருக்குப் போக வேண்டியதில்லை.

மேல்தளம் சென்னைப் பட்டணத்துப் பாணி. தேக்குச் சட்டங்களின்மேல் சன்னக் கல்லை மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். சுண்ணாம்பு இடிக்கும் பாட்டுகளை நாட்டுப்பாடல் தொகுப்புகளில் காணலாம். பாடியவர்களின் பெயர்களைக் காணமுடியாது. சிறு வயதில் அந்த வேலைக்குப் போன மூதாட்டி ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அந்தத் தளத்துக்கு ஈடில்லை என்று நான் சொன்னதும் அவர் சொன்னார்: “உங்களுக்கு என்ன தம்பி. நாலு நாள் தட்டினா ராத்திரி சோத்துல கை வெக்க முடியாது. காங்க்ரீட் வந்துச்சு, நாங்க பொழச்சோம்.” பழமையைப் போற்றும் எந்தக் கட்டுரையும் இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சட்டங்கள் உறுதியாக இருந்த முன்கட்டுத் தளத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கரையான் தின்ற பின்கட்டுக்குக் காங்க்ரீட் போட்டோம்.

மிச்சமிருந்தது பின்கட்டுச் சுவர். பூசாமல் செங்கல்லாகவே விட்டுவிடலாம், அதுதான் இப்போது அழகு என்றார் பெங்களூரிலிருந்து வந்த அத்தான். அவர் வாதத்துக்கு வம்சாவளி உண்டு. பூச்சு வீண் செலவு, செங்கல்லுக்கு அதன் முகமே போதும் என்று லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் கட்டிக் காட்டினார். எளியவர்களின் பணத்தை மிச்சப்படுத்த நினைத்தவர் அவர். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மூதாட்டி சுவரைப் பார்த்துவிட்டு, “பூசாம வுட்டா மாட்டுக் கொட்டாய்னு சொல்லமாட்டாங்களா?” என்று கேட்டார்.

செங்கல்லின் நிர்வாணம் யாருக்கு அழகு? எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ள முடிந்தவனுக்கு. பூசக்கூடாது என்று எண்ணூறு வருஷத்துக்கு முன் கம்மாளரிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டுப் பண்ணையாளிடம் யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. பூசாத சுவர் நவீன ரசனையாக ஆவதற்கு முன்னால் தண்டனையாக இருந்தது. அந்தச் சரித்திரம் தெரியாமல் வரும் எளிமை எனக்கு ஆடம்பரமாகவே படுகிறது.

பின்கட்டுக்கும் முன்கட்டின் அதே கலவையை, அதே கனத்தில் பூசச் சொன்னோம். செலவு கணக்கை மீறியது என்று அக்கா எழுதிவைத்திருக்கிறாள்.