வீடு முழுக்க வைஃபை வந்த வரலாறு
வீட்டுக்குள் கம்பியில்லா இணையத்துக்கு வழி திறந்த ஆண்டு 1985. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த அப்போது அனுமதித்தது. 1997-இல் வைஃபைக்கான 802.11 தரநிலை வெளியானது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. அதே ஆண்டு ஆப்பிளின் ஏர்போர்ட் கருவி அதை வீடுகளுக்குக் கொண்டுசென்றது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பரவியபோது, வீட்டுக்கு ஒரே ரூட்டர் போதாது என்பது தெளிவானது. வேகம் கூடியது, ஆனால் சுவரைத் தாண்டியதும் சிக்னல் சீக்கிரம் தளர்ந்தது. இடையில் வைத்த ரிப்பீட்டர் வாங்கிய தரவை அதே சேனலில் மறுபடி அனுப்பியதால் வேகம் ஏறக்குறையப் பாதியானது.

அலுவலகங்களில் தீர்வு வேறாக இருந்தது. 2003-இன் 802.3ஏஎஃப் தரநிலைப்படி ஈதர்நெட் கேபிளே மின்சாரத்தையும் சுமந்தது. அதனால் கூரையில் பொருத்திய, வைஃபை பரப்பும் அக்சஸ் பாயிண்டுக்குத் தனி பிளக் தேவைப்படவில்லை. கேபிள் இழுக்காத வீடுகளுக்கு, 2016-இல் சந்தைக்கு வந்த ஈரோ, கூகுள் வைஃபை போன்ற மெஷ் கருவிகள் கைகொடுத்தன. வீட்டில் ஆங்காங்கே வைத்த பல முனைகள் ஒரே நெட்வொர்க் பெயரில் இயங்கின.

இந்த இரு வழிகளே இன்றும் தேர்வுக்கு அடிப்படை. கேபிள் இழுக்க முடிந்தால் அக்சஸ் பாயிண்டே உறுதியானது. முடியாவிட்டால், முனைகளுக்கிடையே பேசத் தனி ரேடியோ கொண்ட மெஷ் நல்லது.