கமலாவும் சகுணாவும்

காதற் கதை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒரு புன்னகை தோன்றும். தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் ஒளித்து வைத்துப் படிக்கும் நூல், பயணத்தில் பொழுது போக்கும் நூல் என்றே அதனைக் கருதிவிடுகிறோம். ஆயினும், நம் நாட்டில் இவ்வகைக் கதைகள் தோன்றிய வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்ப்போமானால், அந்தப் புன்னகை மெல்ல மறைந்து, அதனிடத்தில் மதிப்பு ஒன்று பிறக்கும். சமய நம்பிக்கையும் காதலும் திருமணமும் ஒன்றோடொன்று பின்னி வரும் கதைகளைக் கிறித்தவப் பெண்கள் எழுதத் தொடங்கிய காலத்தைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகின்றேன்.

இத்தகைய கதைகளுக்கு மேலைநாடுகளில் நீண்ட மரபு உண்டு. 1740-ஆம் ஆண்டில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய 'பமீலா', ஒரு பணிப்பெண் தன் கற்பையும் மனச்சான்றையும் காத்துக்கொண்டு இறுதியில் மணம் பெறுவதைச் சொல்வது. அமெரிக்காவில் 1850-இல் சூசன் வார்னர் வெளியிட்ட 'விரிந்து பரந்த உலகம்' என்னும் நவீனம், தாயைப் பிரிந்த சிறுமி ஒருத்தி இறை நம்பிக்கையைத் துணையாகக் கொண்டு வளர்ந்து ஆளாவதைக் கூறிப் பல்லாயிரவர் உள்ளங்களைக் கவர்ந்தது. அவருக்குப் பின் வந்த கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் அம்மையார் 1947-இல் மறையும் வரை நூறு நூல்களுக்கு மேல் எழுதினார். கனடா நாட்டவரான ஜானெட் ஓக் 1979-இல் வெளியிட்ட ஒரு நவீனம் இவ்வகைக்குப் புத்துயிர் அளித்தது. 1990-களில், நகரத்தில் வேலை பார்க்கும் இளம்பெண்களின் நட்பையும் காதலையும் நகைச்சுவையோடு கூறும் 'சிக் லிட்' என்னும் வகை ஆங்கிலத்தில் பெருகியபோது, கிறித்தவப் பதிப்பகங்களும் தம் சமயத்துக்கேற்ப அதனை அமைத்து வெளியிட்டன.

இவை யாவற்றுக்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. நல்லவள் ஒருத்தி துன்புறுவாள், இறைவனை நம்புவாள், முடிவில் தக்க துணைவனை அடைவாள். இந்த அமைப்பு நம் நாட்டுக்கு வந்தபோது ஒரு பெரிய தடை எதிர்ப்பட்டது. எட்டு வயதிலும் பத்து வயதிலும் மணம் முடிந்துவிடும் நாட்டில், பெண் ஒருத்தி துணைவனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத இடத்தில் காதற் கதைக்கு இடம் ஏது? ஆகவே, நம் நாட்டு எழுத்தாளர்கள் காதலைப் பாடுவதற்கு முன்னர், பெண்ணின் கல்வியைப் பற்றியும் அவளுடைய விருப்பத்தைப் பற்றியும் பேச வேண்டியவராயினர்.

தமிழின் முதல் நவீனமே இதற்குச் சான்று. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், கதைத் தலைவி ஞானாம்பாள் கணவனைவிட அறிவிற் சிறந்தவளாய் விளங்குகிறாள். ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். 1887-இல் வெளிவந்த 'சுகுணசுந்தரி'யிலும் பெண்கல்வியின் சிறப்பும் இளமை மணத்தின் தீமையும் பேசப்பெறுகின்றன. இவ்விரண்டிலும் சமயப் பிரசாரம் இல்லை. ஒழுக்க உணர்ச்சி மட்டும் நூல் முழுவதும் பரவியிருக்கக் காணலாம். ஆயினும் இவை ஆண்மகன் ஒருவர் பெண்ணைக் குறித்து எழுதியவை. பெண்ணே எழுதுகோலை எடுத்தபோது நிகழ்ந்தது யாது?

சென்னையில் வாழ்ந்து எழுதிய கிருபாபாய் சத்தியநாதன் அம்மையாரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. அவர் 1862-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்து அகமதுநகரில் பிறந்தார். பெற்றோர் மராட்டிய அந்தணர் குலத்திலிருந்து கிறித்தவ சமயம் தழுவியோர். தந்தையார் இளமையிலேயே மறைந்தார். தமையனார் பாஸ்கர் என்பவரே தங்கைக்கு நூல்களை அறிமுகம் செய்து, சிந்திக்கக் கற்றுக்கொடுத்தவர். அவரும் விரைவில் காலமானார். பம்பாயில் மிஷன் பள்ளியொன்றில் படித்த கிருபாபாய்க்கு, இங்கிலாந்து சென்று மருத்துவம் பயிலும் வாய்ப்பு வந்தது. உடல் நலிவு அதனைத் தடுத்தது.

ஆகவே அவர் 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களை ஏற்கத் தொடங்கி அப்பொழுது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. முதல் ஆண்டில் அவர் சிறப்பாகத் தேறினார், ஆனால் உடல் மீண்டும் தளர்ந்தது, படிப்பு நின்றது. சென்னையில் அவர் தங்கியிருந்தது தமிழ்க் கிறித்தவப் போதகரான டபிள்யூ. டி. சத்தியநாதன், அவர் மனைவி அன்னா சத்தியநாதன் ஆகியோரின் இல்லத்தில். அன்னா அம்மையார் சென்னைப் பெண்களுக்குக் கல்வி புகட்டுவதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர். அவ்வில்லத்து மகனான சாமுவேல் சத்தியநாதனைக் கிருபாபாய் 1881-இல் மணந்தார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. மணமக்கள் முதலில் உதகமண்டலத்தில் வாழ்ந்தனர். சாமுவேல் அங்குப் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். கிருபாபாய் அங்கே முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் இராஜமகேந்திரம், கும்பகோணம் ஆகிய ஊர்களில் வாழ்ந்து, 1886-இல் சென்னைக்குத் திரும்பினர்.

மருத்துவர் ஆக இயலாத அவ்வம்மையார் எழுத்தாளர் ஆனார். 'சகுணா' என்னும் அவருடைய முதற்கதை 1887-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் ஆங்கிலத்தில் தொடர்ந்து வெளிவந்தது. இஃது அவருடைய சொந்த வாழ்க்கையையே கதையாக்கியது. நூலின் முற்பகுதி சகுணாவின் தாய் இராதாவைப் பற்றியது. சிறுமியாய் மணம் முடிக்கப்பெற்றவள் அவள். கணவன் சமயம் மாறுகிறான். அவளுக்கோ அதில் விருப்பம் இல்லை. சுற்றத்தாரைப் பிரிந்து, அச்சத்தோடும் கண்ணீரோடும் அவனைப் பின்பற்றிச் செல்கிறாள். மதமாற்றத்தை வெற்றி முழக்கமாகப் பாடாமல், ஒரு பெண்ணின் உள்ளத்தில் அது உண்டாக்கிய வலியை மறைக்காது சொன்னது இந்நூலின் நேர்மை என்பேன்.

பிற்பகுதியோ மகளின் கதை. சகுணா நூல்களை விரும்புகிறாள். ஆண்களைப்போலப் பெண்களும் கற்க இயலும் என்று வாதிடுகிறாள். வெள்ளையர் சிலர் நாட்டுக் கிறித்தவரிடம் காட்டிய மேட்டிமையையும் கண்டு மனம் புழுங்குகிறாள். மருத்துவம் படிக்கப் புறப்படுகிறாள். இறுதியில், அறிவிலும் நோக்கிலும் தன்னோடு ஒத்த ஒருவரை மணக்கிறாள். தாய் ஒருவர் சொற்படி மணந்தாள். மகள் தன் உள்ளத்தின்படி மணந்தாள். ஒரே வீட்டில், ஒரே தலைமுறை இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றமே அந்நூலின் உயிர்நிலை. அங்கே காதல் கதையின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் எத்தனை நூல்கள், எத்தனை வாதங்கள், எத்தனை மறுப்புகள் வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவருடைய இரண்டாம் நூல் 'கமலா'. தம் ஒரே குழந்தையை இழந்த துயரத்திலும், தம்மை வருத்திய நோயிலும் அவர் எழுதி முடித்த நூல் அது. 1894-இல் அது நூலாகியது. அவ்வாண்டிலேயே, முப்பத்திரண்டாம் வயதில், கிருபாபாய் அம்மையார் மறைந்தார். 'சகுணா' அடுத்த ஆண்டில் நூல்வடிவம் பெற்றது. இரண்டும் பின்னர்த் தமிழிலும் பெயர்க்கப்பட்டன.

கமலா இந்துப் பெண். மலைச்சாரலில் வாழும் சந்நியாசி ஒருவரின் மகள், தாயில்லாதவள். சிறு வயதில் செல்வர் குடும்பம் ஒன்றில் மணம் செய்து கொடுக்கப்படுகிறாள். மாமியும் நாத்தியும் அவளை வருத்துகின்றனர். கணவன் கணேசன் படித்தவன். மனைவிக்கு எழுத்தறிவிக்கத் தொடங்குகிறான். அந்த ஒரு சில நாட்களில் அவ்விருவரிடையே அன்பு அரும்பும் போல் தோன்றுகிறது. ஆனால் வீட்டார் ஏளனம் செய்ய, அவன் கற்பிப்பதை நிறுத்திவிடுகிறான். புத்தகம் மூடப்பட்டது, அதனோடு அன்பும் மூடப்பட்டது. பின்னர் வேறொரு பெண்ணின் வலையில் அவன் வீழ்கிறான். கமலா பிரிகிறாள், கணவன் இறக்கிறான், அவள் பெற்ற பெண் குழந்தையும் இறக்கிறது.

அப்பொழுது, இளமையில் அவளுக்கு உரியவன் எனக் கருதப்பட்ட உறவினன் இராமசந்திரன் வந்து, தன்னை மணந்துகொள்ளுமாறு வேண்டுகிறான். அவளும் அவனை விரும்புகிறாள். கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் தடுக்கவில்லை, செல்வமும் தடுக்கவில்லை. ஆயினும் கமலா மறுத்துவிடுகிறாள். வழிவழியாக ஊட்டப்பெற்ற அச்சம் அவள் வாயை அடைக்கிறது. எஞ்சிய வாழ்நாளை ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் உதவுவதில் கழிக்கிறாள்.

மாணவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுதியவர் கிறித்தவர், சமயப் பற்று மிக்கவர். கமலாவைக் கிறித்தவளாக்கி, இராமசந்திரனோடு சேர்த்து வைத்து, கதையை இனிதாக முடித்திருந்தால் அவரைச் சூழ்ந்தோர் மகிழ்ந்திருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. கமலா தன் சமயத்திலேயே இருக்கிறாள். தன் துயரத்தோடேயே இருக்கிறாள். அவளைக் கண்டித்தும் அவர் எழுதவில்லை. தன் நம்பிக்கையை வாசகர் மீது திணிப்பதைவிட, தான் கண்ட பெண்ணின் நிலையை உள்ளவாறு சொல்வதே கடமை என அவர் கொண்டார் போலும். சமயக் கதை என்பது உபதேசமாகச் சுருங்கிவிடாமல் இலக்கியமாக உயர்வது இவ்விடத்தில்தான்.

இதற்கு மறுப்புரைப்பாரும் உண்டு. இந்து இல்லங்களின் குறைகளைப் பிற சமயத்தார் ஆங்கிலத்தில் எழுதியது ஆட்சியாளரை மகிழ்விக்கவே என்பர் சிலர். அக்காலத்து மிஷனரி நூல்கள் பலவற்றுக்கு அக்குற்றம் பொருந்தும். ஆனால் கிருபாபாய் அம்மையார் கமலாவின் தோழியரையும், அவர்தம் சிரிப்பையும், திருவிழாக்களையும், மலையின் அழகையும் பரிவோடு தீட்டியிருக்கிறார். அவர் குறை கூறியது கல்வியை மறுத்த வழக்கத்தை. அவ்வழக்கத்தில் அகப்பட்ட மக்களையன்று.

அவர் இட்ட விதை வீண்போகவில்லை. சாமுவேல் பின்னர் மணந்த கமலா சத்தியநாதன் அம்மையார், கணவரோடு சேர்ந்து 1898-இல் இந்தியக் கிறித்தவ வாழ்க்கைக் கதைகளை வெளியிட்டார். 1901-இல் இந்தியப் பெண்களுக்கென ஓர் ஆங்கில மாத இதழைச் சென்னையிலிருந்து தொடங்கினார். சமய வேறுபாடின்றிப் பெண்கள் அதில் எழுதினர். சரோஜினி நாயுடுவின் கவிதைகள் அதில் வந்தன. வங்கத்து முஸ்லிம் எழுத்தாளரான ரொக்கையா அம்மையார், பெண்களே ஆளும் நாட்டைக் கற்பனை செய்த 'சுல்தானாவின் கனவு' 1905-இல் அவ்விதழில்தான் முதன்முதல் வெளிவந்தது.

சட்டங்களும் மெல்ல நடந்து வந்தன. 1891-இல் வந்த சட்டம், மனைவியாயினும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியைக் கணவன் கூடுதல் குற்றம் என்றது. அதற்கே நாடெங்கும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு ஆக்கியது. 1978-இல் அது பதினெட்டாக உயர்ந்தது. 2006-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறியது. கமலாவின் கதை வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அத்தகைய சட்டம் வேண்டியிருந்தது.

கிருஷ்ணகிரிக்கும் ஊத்தங்கரைக்கும் இடையே, சாலையோரத்தில் அமைந்த ஊர் மத்தூர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லை மாவட்டம் அது. மராட்டியக் குடியிற் பிறந்து, தமிழ்க் குடும்பத்திற் புகுந்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெண்ணின் நிலை, மொழிகளின் எல்லையில் வாழும் அம்மக்களுக்கு எளிதில் விளங்கும். அங்குள்ள பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மாணவியின் இருக்கையை அவர்கள் காட்டக்கூடும். அதே மாவட்டத்தில், ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து, விடுதிகளில் தங்கி, தம் ஊதியத்தைத் தாமே பெறும் இளம்பெண்களையும் காணலாம். முன்னவள் கமலாவின் தங்கை. பின்னவள் சகுணாவின் தங்கை. இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாகவும் இருத்தல் கூடும்.

அவ்விளம்பெண்ணின் கையில் இன்று ஒரு காதற் கதை இருக்குமானால், அதனைப் பிடுங்கி எறிய வேண்டா. அவள் எழுத்தறிந்திருக்கிறாள், தன் விருப்பம் என ஒன்று உண்டு என்பதை அறிந்திருக்கிறாள். கணேசன் பாதியில் மூடிவிட்ட புத்தகம் அவள் கையில் திறந்திருக்கிறது. அது மீண்டும் மூடப்படாமல் காப்பது, இவ்வுரையைக் கேட்கும் அண்ணன் தம்பியர்க்கும் தந்தையர்க்கும் உரிய கடமையாகும்.