நடந்த பின் தரப்பட்ட ஒப்புதல்: ஜப்பானிய இராணுவத்தின் கீழ்ப்படியாமையும் குடிமை அரசின் தளர்வும், 1874–1945

1908-ஆம் ஆண்டின் ஜப்பானியத் தரைப்படைக் குற்றச் சட்டம் ஒரு செய்தியில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட விஷயத்தில், தவிர்க்க முடியாத காரணம் இன்றி, தன்னிச்சையாகப் படையை நகர்த்தும் தளபதிக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். 1931 செப்டம்பர் 21 அன்று, கொரியாவிலிருந்த ஜப்பானியப் படையின் தளபதி ஹயாஷி செஞ்சூரோ, டோக்கியோ தலைமையகத்தின் தடையை மீறி, பேரரசரின் கட்டளையும் பெறாமல், ஒரு படையணியை யாலு ஆற்றைக் கடக்கச் செய்து மஞ்சூரியாவுக்குள் அனுப்பினார். அவர்மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. ‘எல்லை தாண்டிய தளபதி’ என்ற பட்டப்பெயரோடு அவர் புகழ் பெற்றார். 1934-இல் தரைப்படை அமைச்சரானார். 1937 பிப்ரவரியில் நாட்டின் பிரதமரானார்.

சட்டப்படி உயிரையே இழந்திருக்கக்கூடிய ஒரு செயல், ஆறாண்டு நிறைவதற்குள் ஒருவரைப் பிரதமர் நாற்காலியில் அமர்த்தியது எப்படி? வழக்கமாக இதற்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. மெய்ஜி அரசியலமைப்பு இராணுவத்தை அமைச்சரவைக்குக் கட்டுப்படாததாக ஆக்கிவிட்டது என்பது முதல் விடை. இளம் அதிகாரிகளின் வெறி மேலதிகாரிகளை அடித்துச் சென்றது என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் முதன்மையான பொறுப்பாளிகளைத் தப்பவிடுகின்றன. மீறியவர்களைவிட, மீறல் வெற்றி பெற்றபின் அதற்குக் கையெழுத்திட்டவர்களே குடிமை அரசின் பிடியைத் தளர்த்தினார்கள் என்பது என் வாதம். போருக்குப் பின் அரசியல் அறிஞர் மருயாமா மசாவோ, யாரும் பொறுப்பேற்காத ஓர் ஆட்சிமுறையாக இதை விளக்கினார். அவ்விளக்கத்துக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். ஆயினும் ஆவணங்களைத் தனித்தனியாகப் பார்க்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுக்கும் இடத்தில் பெயருள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியும். வேறு வழியும் சில நேரங்களில் இருந்தது.

இவ்வழக்கம் அரசியலமைப்புக்கும் முந்தியது. 1871-இல் தைவானில் ரியூக்யூ மாலுமிகள் 54 பேர் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, 1874-இல் அங்கே ஒரு படையெடுப்பு திட்டமிடப்பட்டது. மேலை நாடுகளின் தூதர்கள் எதிர்க்கவே அரசு பின்வாங்கியது. அரசின் முன்னணித் தலைவர் ஒகுபோ தொஷிமிச்சி, படை புறப்படுவதைத் தடுக்க நேரிலேயே நாகசாகிக்கு விரைந்தார். அவர் போய்ச் சேரும் முன்பே படையெடுப்பின் தளபதி சாய்கோ சுகுமிச்சி கப்பல்களை அனுப்பிவிட்டிருந்தார். ஒகுபோ அப்படியே ஏற்றுக்கொண்டார். அத்துடன் நில்லாமல் பீகிங் சென்று பேசி, 5,00,000 தேல் வெள்ளியை இழப்பீடாகவும் பெற்று வந்தார். மலேரியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்த அந்தப் படையெடுப்பு, இவ்வாறு அரசின் வெற்றியாகக் கணக்கில் ஏறியது. சாய்கோ பின்னாளில் கடற்படை அமைச்சரானார்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1878 ஆகஸ்ட் 23 இரவு, டோக்கியோவின் தகேபாஷியில் பேரரசரின் காவற்படைப் பீரங்கி வீரர்கள் கலகம் செய்தார்கள். முந்தைய ஆண்டு சத்சுமா கிளர்ச்சியை அடக்கப் போராடியவர்கள் அவர்கள். அதற்குரிய வெகுமதி கிடைக்கவில்லை, சம்பளமும் குறைக்கப்பட்டது என்பதே குறை. பேரரசரிடம் முறையிட விரும்பினார்கள். அக்டோபர் 15 அன்று 53 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஜப்பானிய இராணுவத்துக்குத் தண்டிக்கத் தெரியாமல் இல்லை. சாதாரண வீரனின் மீறலை அது இரண்டே மாதத்தில் தண்டித்தது.

அதே ஆண்டு டிசம்பரில் தரைப்படையின் தலைவர் யமகதா அரிதோமோ படைத் தலைமையகத்தை அரசிடமிருந்து பிரித்துப் பேரரசருக்கு நேரே கீழ்ப்பட்டதாக ஆக்கினார். மக்கள் உரிமை இயக்கத்தின் அரசியல் படைக்குள் நுழையக் கூடாது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அரசியலை வெளியே நிறுத்த எழுப்பிய சுவர், பிற்காலத்தில் அரசையே வெளியே நிறுத்தியது. 1889 அரசியலமைப்பின் 11-ஆம் விதி படைத்தலைமை உரிமையைப் பேரரசரிடம் வைத்தது. படையின் அளவையும் அமைப்பையும் முடிவு செய்யும் உரிமை 12-ஆம் விதியில் தனியே நின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே என்று சட்டம் சொல்லவில்லை. 1900 முதல் பணியிலுள்ள தளபதிகளே படை அமைச்சராகலாம் என்ற விதியும் சேர்ந்தது. 1912 டிசம்பரில் இரண்டு புதிய டிவிஷன்கள் கேட்டுக் கிடைக்காத தரைப்படை அமைச்சர் உயேஹாரா யூசாக்கு பதவி விலக, அவருக்கு மாற்று தரத் தரைப்படை மறுக்க, சையோன்ஜி அமைச்சரவை கவிழ்ந்தது.

சட்டமே விதியை முடிவு செய்துவிட்டது என்று இங்கே நிறுத்திக்கொள்பவர்கள், அடுத்த பதினைந்து ஆண்டுகளை விளக்க முடியாது. 1913-இல் யமமோதோ அரசு அந்த விதியைத் தளர்த்தி, ஓய்வுப் பட்டியலில் உள்ளவர்களும் படை அமைச்சராகலாம் என்றாக்கியது. 1921-இல் கடற்படை அமைச்சர் கதோ தொமோசபுரோ வாஷிங்டன் மாநாட்டுக்குச் சென்றபோது, கட்சித் தலைவரான பிரதமர் ஹாரா தகாஷியே அத்துறையைக் கவனித்துக்கொண்டார். 1925-இல் தரைப்படை அமைச்சர் உகாக்கி கசுஷிகே நான்கு டிவிஷன்களைக் கலைத்தார். முணுமுணுப்பு இருந்தது, கலகம் இல்லை. அரசியலமைப்பில் ஓரெழுத்தும் மாறாத காலம் இது. ஆகவே 1928-க்குப் பின் மாறியது என்ன என்றுதான் கேட்க வேண்டும்.

1928 ஜூன் 4 அன்று, முக்டெனுக்கு அருகே ஹுவாங்குதுன்னில், மஞ்சூரியாவின் ஆட்சித்தலைவர் சாங் சோலின் வந்த ரயில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. செய்தவர், மஞ்சூரியாவில் நிலைகொண்டிருந்த ஜப்பானியப் படையான குவாண்டுங் படையின் கர்னல் கோமோதோ தாய்சாகு. பிரதமர் தனாகா கியிச்சி தாமே ஒரு முன்னாள் ஜெனரல். குற்றவாளிகளை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதாகப் பேரரசரிடம் சொன்னார். தரைப்படை எதிர்த்தது. உண்மை வெளியானால் நாட்டின் பெயர் கெடும் என்று அமைச்சர்களும் தயங்கினார்கள். இறுதியில் ரயில் பாதையைக் காவல் காப்பதில் கவனக்குறைவு என்ற அளவில் நிர்வாகத் தண்டனையோடு கோப்பு மூடப்பட்டது. சொன்ன சொல் மாறியதற்காகப் பேரரசர் தனாகாவைக் கண்டித்தார். 1929 ஜூலையில் தனாகா விலகினார், செப்டம்பரில் இறந்தார். கோமோதோ பின்னர் தென் மஞ்சூரிய ரயில் கம்பெனியின் இயக்குநரானார்.

இவ்விவகாரத்தின் ஆழ்ந்த கேடு கோமோதோ தப்பியது மட்டுமன்று. அமைச்சரவை சொல்வதைத் தமக்கு உடன்பாடில்லாவிட்டாலும் ஏற்பதென்று இதன்பின் முடிவு செய்ததாகப் போருக்குப் பின் பேரரசர் ஹிரோஹிதோ குறிப்பிட்டார். கணக்குக் கேட்க முயன்ற ஒரே முறையும் கேட்டவர்களையே காயப்படுத்தி முடிந்தது. அதிகாரிகளின் உணவகங்களில் இப்பாடம் எப்படிப் படிக்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1930-இல் நடந்தது இதனினும் வருந்தத்தக்கது, ஏனெனில் அதைச் செய்தவர்கள் சீருடை அணியாதவர்கள். லண்டன் கடற்படை உடன்படிக்கையில் கனரகக் குரூசர்களுக்குக் கடற்படைத் தலைமையகம் கேட்ட எழுபது விழுக்காடு கிடைக்கவில்லை. பிரதமர் ஹமகுச்சி ஒசாச்சி துணிந்து ஒப்புதல் தந்தார். எதிர்க்கட்சியான செய்யூகாயின் தலைவர் இனுகாய் சுயோஷியும் ஹதோயாமா இச்சிரோவும் நாடாளுமன்றத்தில் எழுந்து, தலைமையகத்தின் இசைவின்றி அரசு கையெழுத்திட்டது படைத்தலைமை உரிமையில் கைவைப்பதாகும் என்று தாக்கினார்கள். மக்கள் பிரதிநிதிகளே மக்கள் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்துப் பேசினார்கள். ஒரு தேர்தல் ஆதாயத்துக்காக அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் திரும்ப உறைக்குள் போகவில்லை. நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் ஹமகுச்சி சுடப்பட்டார். அக்காயத்தாலேயே மறு ஆண்டு இறந்தார். 1932 மே 15 அன்று, அப்போது பிரதமராக இருந்த இனுகாயைக் கடற்படை இளம் அதிகாரிகள் அவர் இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1931 செப்டம்பரை நாள்வாரியாகப் பார்க்க வேண்டும். குவாண்டுங் படையின் இதகாக்கி செய்ஷிரோவும் இஷிவாரா கன்ஜியும் ஏதோ செய்யப்போகிறார்கள் என்ற செய்தி டோக்கியோவுக்கு எட்டியிருந்தது. அடக்கி வைக்கும்படி சொல்லத் தலைமையகத்திலிருந்து ததேகவா யோஷித்சுகு அனுப்பப்பட்டார். 18-ஆம் தேதி மாலை முக்டெனில் இறங்கியதும் அவர் நேரே ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். செய்தியைச் சொல்ல அவரும் அவசரப்படவில்லை. அன்றிரவு பத்து மணிக்கு மேல் லியூத்தியாவோஹுவில் தண்டவாளத்தில் வெடி வெடித்தது. சேதம் மிகச் சிறிது. சற்று நேரத்தில் வந்த ரயில் அவ்விடத்தைக் கடந்தே போனது. ஆனால் சீனர்களின் சதி என்று சொல்லிப் படை வடக்குப் பாசறையைத் தாக்கியது.

அவ்விரவில் முக்டெனின் ஜப்பானியத் தூதரக அதிகாரி மொரிஷிமா மொரிதோ இராணுவத்தின் சிறப்புப் பணியகத்துக்குச் சென்று, பேச்சுவார்த்தையில் தீர்க்கலாம் என்று மன்றாடினார். அங்கிருந்த மேஜர் ஹனாயா தாதாஷி வாளை உருவி, படைத்தலைமை உரிமையில் தலையிடுவோரை விடமாட்டேன் என்று மிரட்டியதை மொரிஷிமா தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஓராண்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் வழக்கறிஞர் மொழியில் பேசப்பட்ட கோட்பாடு, இங்கே ஓர் அரசு அலுவலரின் முன் வாளாக நீட்டப்படுகிறது.

19-ஆம் தேதி பிரதமர் வகத்சுகி ரெய்ஜிரோவின் அமைச்சரவை, மோதலை விரிவாக்குவதில்லை என்று முடிவு செய்தது. தலைமையகத் தலைவர் கனாயா ஹன்சோ கொரியாவிலிருந்து படை நகர்வதைத் தடுத்து வைத்தார். அதுவரை குடிமை அரசும் படைத் தலைமையகமும் ஒரே பக்கம் நின்றன என்பதை மறக்கக் கூடாது. குவாண்டுங் படையோ 21-ஆம் தேதி கிரின் நகரை நோக்கிக் கிளம்பி, முக்டெனில் வேண்டுமென்றே காவலைக் குறைத்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஹயாஷியின் படையணி ஆற்றைக் கடந்தது. இனி முடிவு அமைச்சரவையின் கையில். பேரரசரின் கட்டளையின்றிப் படை எல்லை தாண்டியிருக்கிறது; அதற்கான செலவை அமைச்சரவை ஒப்பாவிட்டால் கனாயாவும் தரைப்படை அமைச்சர் மினாமி ஜிரோவும் விலகும் நிலை. 22-ஆம் தேதி, போனது போய்விட்டது என்று அமைச்சரவை செலவுக்கு இசைந்தது. பேரரசரும் இனிக் கவனமாக இருக்கும்படி சொல்லிப் பின்னேற்பு வழங்கினார். 1932 ஜனவரி 8 அன்று குவாண்டுங் படையைப் பாராட்டி அரச ஆணையே வெளியாயிற்று.

மறுத்திருந்தால் உயிர் மிஞ்சியிருக்குமா என்று கேட்பது நியாயமே. அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே ஐந்து மாதத்துக்குள் கொல்லப்பட்டார். அச்சத்தின் எடையை மேசையில் அமர்ந்து எழுதும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அச்சம் எங்கிருந்து வந்தது? அவ்வாண்டு மார்ச்சில் தீட்டப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டம் மறைக்கப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை. அக்டோபரில் அமைச்சரவையையே கொன்றொழிக்கத் திட்டமிட்ட தரைப்படை அதிகாரி ஹஷிமோதோ கிங்கோரோவுக்குக் கிடைத்தது 20 நாள் காவல். இனுகாயைக் கொன்ற கடற்படை அதிகாரிகளில் எவருக்கும் 15 ஆண்டைத் தாண்டிய தண்டனை இல்லை. கருணை கேட்டு மனுக்கள் இலட்சக்கணக்கில் குவிந்தன. இவ்வாண்டுகளில் அமைச்சர்களை அச்சுறுத்திய துப்பாக்கிகளில் பெரும்பகுதி, மன்னிக்கப்பட்டவர்களின் துப்பாக்கிகள்.

1936 பிப்ரவரி 26 என் வாதத்துக்கு எதிர்ச்சான்று போலத் தோன்றலாம். பனி மூடிய அந்த விடியலில் 1,400-க்கும் மேற்பட்ட வீரர்கள் டோக்கியோவின் நடுப்பகுதியைக் கைப்பற்றினார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ, முன்னாள் பிரதமர் சாய்தோ மகோதோ, ஜெனரல் வதனாபே ஜோதாரோ கொல்லப்பட்டார்கள். தரைப்படைத் தலைமை வழக்கம்போல் வளைந்து கொடுத்தது. கலகக்காரர்களின் நோக்கம் பேரரசரின் செவிக்கு எட்டியது என்று அமைச்சர் பெயரால் அறிவிப்பு ஒன்றும் வந்தது. பேரரசர் வளையவில்லை. காவற்படையைத் தாமே நடத்திச் செல்வேன் என்றார். அச்சொல்லைக் கேட்டு நாட்குறிப்பில் எழுதியவர் பேரரசரின் தலைமைப் படை உதவியாளர் ஹோஞ்ஜோ ஷிகேரு. 1931-இல் குவாண்டுங் படைக்குத் தளபதி அவர்தான். வெளிநாட்டு மண்ணில் நடந்த மீறலுக்காகப் பிரபுப் பட்டம் பெற்றவர், உள்நாட்டு மீறலுக்காக எழுந்த அரச கோபத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். கலகத்துக்காக 19 பேர் துப்பாக்கி வரிசையின் முன் நின்றார்கள். வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடு இல்லை, விசாரணை மூடிய அறையில். அவர்களுக்கு அனுதாபம் காட்டிய ஜெனரல் மசாகி ஜின்சபுரோ மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார்.

ஒரு கலகம் இம்முறை கடுமையாகவே தண்டிக்கப்பட்டது. ஆனால் அத்தண்டனையால் குடிமை அரசு ஓர் அங்குலமும் திரும்பப் பெறவில்லை. கலகத்தை அடக்கியவர்கள் என்ற பெருமையோடு தரைப்படைத் தலைமை, புதிய பிரதமர் ஹிரோத்தா கோக்கியின் அமைச்சர் பட்டியலிலேயே கைவைத்தது. யோஷிதா ஷிகேருவின் பெயர் நீக்கப்பட்டது. ஓய்வுபெறச் செய்த கலக ஆதரவுத் தளபதிகள் மீண்டும் அமைச்சராகிவிடக் கூடாது என்று காரணம் காட்டி, 1913-இல் தளர்த்திய விதியை மே மாதத்தில் மீண்டும் இறுக்கினார்கள். 1937 ஜனவரியில் உகாக்கிக்கு அமைச்சரவை அமைக்கும் அரச கட்டளை கிடைத்தது. தரைப்படை அவருக்கு அமைச்சர் தரவில்லை. துப்பாக்கி ஏந்தாத, சட்டத்துக்குள்ளேயே நடந்த இந்தக் கீழ்ப்படியாமையை முன்னின்று நடத்தியவர் இஷிவாரா கன்ஜி.

அதே இஷிவாரா, சில மாதங்களுக்கு முன், 1936-இன் இறுதியில், தலைமையகத்தின் சார்பில் மஞ்சூரியாவுக்குச் சென்றிருந்தார். உள் மங்கோலியாவில் குவாண்டுங் படை தன்விருப்பமாக நடத்திவந்த சூழ்ச்சியை நிறுத்தச் சொல்வது அவர் வேலை. அங்கிருந்த முதோ அகிரா, நீங்கள் 1931-இல் செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம் என்று பதில் சொன்னார். சுற்றியிருந்த இளம் அதிகாரிகள் சிரித்தார்கள். இஷிவாராவிடம் பதில் இல்லை. மறு ஆண்டு ஜூலையில் சீனாவுடனான போரைப் பரவவிடாமல் தடுக்க அவர் முயன்றபோதும் அவர் சொல் எடுபடவில்லை. செப்டம்பரில் தலைமையகத்திலிருந்தே அனுப்பப்பட்டார். அவரை வென்ற அணியில் முன்னால் நின்றவர் முதோ.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை 1945 ஆகஸ்ட் 14 இரவு. சரணடைவதைத் தடுக்க மேஜர் ஹதனாகா கென்ஜியும் கூட்டாளிகளும் காவற்படை டிவிஷனின் தளபதி மோரி தகேஷியைக் கொன்று, அவர் பெயரில் பொய்யாணை வெளியிட்டு, அரண்மனையைச் சூழ்ந்தார்கள். 1931-இன் வழிமுறையே இது: கீழேயிருந்து ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டால் மேலே உள்ளவர்கள் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் அன்று பகலிலேயே தரைப்படை அமைச்சர் அனாமி கொரேச்சிகா, தலைமையகத் தலைவர் உமேசு யோஷிஜிரோ, மூத்த மார்ஷல்கள் ஆகியோர் பேரரசரின் முடிவின்படியே நடப்பதாக ஒரு தாளில் கையெழுத்திட்டிருந்தார்கள். கிழக்குப் பகுதிப் படைத்தளபதி தனாகா ஷிசுயிச்சி விடியலில் தாமே அரண்மனைக்குச் சென்று, அங்கிருந்த படைப்பிரிவுகளுக்கு ஆணை பொய் என்று சொல்லிக் கலைத்தார். ஏந்திய ஆயுதத்திலோ துணிவிலோ ஹதனாகாவின் கூட்டம் இஷிவாராவின் கூட்டத்துக்குக் குறைந்ததன்று. அவர்கள் செய்ததைத் தம் செயலாக ஏற்றுக்கொள்ள மேலே ஒருவரும் முன்வரவில்லை. பொழுது விடிந்து சில மணி நேரத்தில் அக்கலகம் இல்லாமல் போயிற்று.