கரிசல் ஐந்து முறை அனுப்பிய அழகர்சாமி

1967 தேர்தலைப் பற்றி எழுதுவோர் விருதுநகரில் காமராசர் தோற்றதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அதே நெடுஞ்சாலையில் தெற்கே இருக்கும் கோவில்பட்டியில் அன்று நிகழ்ந்ததை எவரும் நினைவுகூரக் கண்டதில்லை. கம்யூனிஸ்ட் இயக்கம் 1964-இல் பிளவுண்ட பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் அது. மார்க்சிஸ்ட்டுகள் தி.மு.க. அணியில் நின்று 11 இடங்களைப் பெற்றனர். அணிக்கு வெளியே நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாநிலம் முழுவதிலும் கிடைத்தவை இரண்டே இடங்கள். அவற்றுள் ஒன்றை வென்றவர் சோ. அழகர்சாமி.

அதன்பின் 1971, 1977, 1980, 1989 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். கூட்டணி பலம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஏற்பதில்லை. 1971-இல் அவர் கட்சி தி.மு.க.வோடும், 1977-இல் காங்கிரசோடும், 1980-இல் எம்.ஜி.ஆரோடும், 1989-இல் ஜெயலலிதா அணியோடும் நின்றது. 1977-இல் மாநிலமே எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தபோது அவர் எதிரணியில் இருந்துகொண்டே வென்றார். இந்திரா காந்தி மறைவுக்குப் பின் வந்த 1984 தேர்தலில்தான் காங்கிரசிடம் தோற்றார்.

காரணத்தை மண்ணில் தேட வேண்டும் என்பது என் கருத்து. தஞ்சையில் செங்கொடி குத்தகைக்காரரையும் பண்ணையாளையும் திரட்டி வளர்ந்தது. கரிசலிலோ பெரும்பாலோர் சொந்தமாகச் சிறு புஞ்சை வைத்திருக்கும் மானாவாரி விவசாயிகள். ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் ஒருசேரப் போகும். பயிர்க்கடன் மட்டும் நிற்கும். அந்த ஆண்டுகளில் அடுப்பெரிய வைத்தவை தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலைக் கூலியும். ஒரே வீட்டில் விவசாயியும் தொழிலாளியும் இருந்த ஊரில், கடன் தள்ளுபடியும் கூலி உயர்வும் குடிநீரும் தனித்தனிக் கோரிக்கைகளாக இருந்ததில்லை.

இடையே ஒரு செய்தி: அவர் அமர்ந்த பேரவைகளில் மூன்று, 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் குடியரசுத் தலைவர் ஆட்சியால் கலைக்கப்பட்டவை. ஐந்து முறை என்பது ஐந்து முழுப் பதவிக்காலம் அல்ல.

அவருக்குப் பின் 1996-இலும் 2001-இலும் அவர் கட்சியினரே அங்கு வென்றனர். 2006-இல் தொகுதி அ.தி.மு.க. வசம் சென்றது, அடுத்து வந்த மூன்று தேர்தல்களிலும் அங்கேயே நிலைத்தது.