லயத்திலிருந்து கல்லுமலைக்கு

அந்தக் கருமுட்டைக்கு 27 வயது. 1996-இல், மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்தில் உருவானது. பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் எல்லாம் உண்டாகிவிடும். பிறக்கையில் பத்து இருபது லட்சம் இருக்கும். எங்கள் சின்னம்மா மகளைச் சுமந்துகொண்டுதான் விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனார், நிரை பிடித்துப் பால்மரம் வெட்டினார், வாளி தூக்கினார். அவர் வயிற்றில் மகள். மகள் வயிற்றில் இந்த முட்டை.

பிறகு பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. குடும்பம் ஈப்போ புந்தோங்குக்குக் குடிபெயர்ந்தது.

என் அக்காவுக்கு 43 வயதில் மூன்றாவது ஐவிஎஃப்பும் கைவிட்டது. அந்த வயதில் சொந்த முட்டையில் பிள்ளை பெறுவோர் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறுவதில்லை. கர்ப்பப்பை தாங்கும்; முட்டைக்குத்தான் வயதாகிவிடுகிறது. “நான் தர்றேன்க்கா” என்றாள் சின்னம்மா மகள், அவளும் ஒரு பிள்ளைக்குத் தாய்.

பத்து நாள், தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தினமும் ஊசி. வயிறு உப்பி, ஜீன்ஸ் பட்டன் போட முடியாமல் நைட்டியில் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஊசி இரவு சரியாகப் பத்து மணிக்கு. அதிலிருந்து 36 மணி நேரத்தில், முட்டைகள் தாமாக வெளியேறுமுன் எடுத்தாக வேண்டும். மயக்கத்தில் இருபது நிமிடம்; கிடைத்தவை 11. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. எட்டு முற்றியவை, ஆறு கருவாயின, ஐந்தாம் நாள் மிஞ்சியவை மூன்று. மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் அவை காத்திருந்தன.

இளம் முட்டையானாலும் ஒரு தடவை வைத்தால் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. முதல் கரு ஒட்டவில்லை. அக்கா இரண்டு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தங்கியது.

எங்களுடையது உறவுக்குள் நடந்தது. ஆனால் 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டைகளை விற்ற கொடுமை வெளிவந்தது. இந்தியாவின் 2021 சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குட்பட்டவர்தான் தரலாம், ஆயுளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் கூடாது. மலேசியாவில் முஸ்லிம்களுக்கு ஃபத்வா தடை உண்டு. மற்றவர்களுக்கு மருத்துவ மன்றத்தின் வழிகாட்டிதான், தனிச் சட்டம் இல்லை. கொடுப்பவளுக்காக ஒரு சட்டம் இங்கும் வேண்டும்.

பிள்ளை பிறந்தபின் வந்த தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகனுக்குக் கரும்புத் தொட்டில் நேர்த்திக்கடன். முன்னால் அத்தான், பின்னால் அக்கா, சேலைக்குள் பிள்ளை. வெயிலில் அவன் வீறிட, தொட்டிலோடு நடந்துவந்த சின்னம்மா மகளைக் காட்டி அம்மா அக்காவிடம் சொன்னார்: “சின்னம்மாகிட்ட குடு.”