சக்கரத்தைக் கழற்றாமல் அச்சுக்கு எண்ணெய் விட்ட கதை

 

சோழர் காலத்தையும் சிப்பாய்க் கலகத்தையும் விட்டுவிட்டு இன்று வண்டி அச்சுக்கு எண்ணெய் விட்ட கதையை எழுதுகிறேன். "ரிட்டயர் ஆனதும் சாருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. ஈரோட்டில் ரயில்வே கலாசியாக இருந்த நம் பெரியப்பாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அவருக்கு என்ன, எண்ணெய் ஊத்துற வேலைதானே" என்று நம் வீட்டிலேயே சொல்வார்கள். அந்த வேலைக்குப் பின்னால் எத்தனை பெரிய சரித்திரம் இருக்கிறது என்று யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டாமா? கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மாட்டு வண்டி. நகரத்தில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தின் நடுவில் இருப்பது குடம். அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால். சுற்றி இருப்பது வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டா. குடத்துக்குள் நுழைந்திருக்கும் அச்சுக்கு இருசு என்று பெயர். சக்கரம் நழுவாமல் இருக்க இருசின் முனையில் செருகுவது கடையாணி. வண்டி ஓடும்போது இருசு சுற்றாது. சக்கரம்தான் அதன் மேல் சுற்றும். இரண்டும் உரசும் இடத்தில் மசை இல்லையென்றால் வண்டி கிறீச்சிடும், மாடு திணறும், குடம் தேயும்.

மசை என்றால் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த கறுப்புக் களிம்பு. வண்டி மை என்றும் சொல்வோம். மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் போடுவதற்கு வண்டிக்கு முட்டுக் கொடுத்து, கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, இருசில் மை தடவி, மறுபடி தள்ளி, ஆணி அடிக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியென்றால் இரண்டு ஆள் வேலை.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தில் யூயா, துயூ தம்பதியின் கல்லறையை 1905இல் திறந்தபோது ஒரு ரதம் கிடைத்தது. கி.மு. 1400 வாக்கில் செய்தது. அதன் அச்சில் கொழுப்புப் பசை ஒட்டியிருந்தது. ஆக, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் அச்சுக்குக் கொழுப்பும் எண்ணெயும் தடவிக்கொண்டுதான் இருக்கிறான். சக்கரத்தைக் கழற்றாமல் தடவ முடியாதா என்ற கேள்விக்குத்தான் சரியான பதில் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் தபால் கோச்சுகள் நேரம் தவறாமல் ஓடத் தொடங்கின. வழியில் நிறுத்தி மசை போட்டுக்கொண்டிருந்தால் தபால் எப்படிப் போகும்? அந்தக் காலத்தில்தான் லண்டனில் ஜான் காலிஞ்ச் என்பவர் புதுவகை அச்சு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். குடத்தின் வெளிமுனையில் எண்ணெய் நிற்க ஓர் அறை, அதன் மேல் திருகு மூடி. மூடியைத் திருகி எண்ணெய் விட்டு மூடினால் வெகுநாளைக்குக் கவலையில்லை. ஆனால் இது பணக்காரர் வண்டிக்கான பொருள். நுணுக்கமாகக் கடைந்து செய்ய வேண்டும், விலை அதிகம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் பண்ணை வண்டிகளுக்காக இதே நோக்கத்தில் பல காப்புரிமைகள் பதிவாயின. குடத்தில் துளை போட்டவர்கள் உண்டு, அச்சுக்குள்ளேயே குழாய் வைத்தவர்களும் உண்டு. இருந்தும் ஏழைக் குடியானவன் பழையபடி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு ரயில் வந்தது. வேறு வழியே இல்லாமல் போயிற்று.

ஏன் என்று கவனியுங்கள். ரயிலில் சக்கரமும் அச்சும் தனித்தனி அல்ல. சக்கரத்தை அச்சில் பெரும் அழுத்தத்தில் ஏற்றி இறுக்கிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே சுற்றும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒழியக் கழற்ற முடியாது. அப்படியானால் உரசல் எங்கே? அச்சின் இரு முனைகளும் சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளின் மேல்தான் வண்டியின் பாரம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஓர் இரும்புப் பெட்டி. ரயில்வே பாஷையில் ஆக்சில் பாக்ஸ். அதற்குள் அச்சு முனையின் மேல் ஒரு பித்தளைத் தாங்கி கவிழ்த்து வைத்திருக்கும். தாங்கியின் உட்புறம் ஈயம் போல மிருதுவான ஒரு கலவை உலோகம் பூசியிருப்பார்கள். அமெரிக்கர் ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்ற முறை அது. முனைக்குக் கீழே, எண்ணெயில் ஊறிய நூல் வேஸ்ட். மெக்கானிக் ஷெட்டில் கை துடைப்பீர்களே, அதே வேஸ்ட்தான். வெளியே ஒரு மூடி. தூக்கு, எண்ணெய் விடு, வேஸ்ட்டைக் கொக்கியால் கிளறு, மூடு. சக்கரத்தைத் தொடவே வேண்டாம்.

எண்ணெயை ஏன் கீழிருந்து கொடுக்க வேண்டும், மேலே துளை போட்டு ஊற்றினால் ஆகாதா? அந்தக் காலத்துப் பொறியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக போசம்ப் டவர் என்பவர் ரயில் அச்சின் உராய்வை ஆராய்ந்து 1883இல் அறிக்கை கொடுத்தார். தாங்கியின் மேலே எண்ணெய் விட ஒரு துளை போட்டார். அச்சின் அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியிருந்தது. ஓட்டிப் பார்த்தால் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது! கார்க்கு வைத்து அடைத்தார். பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டையைச் செருகினார். அதுவும் மெல்லக் கிளம்பி வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மேல் இருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. அழுத்தமானியின் முள் 200ஐத் தாண்டியது.

சுற்றும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், தாங்கிக்கும் தனக்கும் நடுவே ஆப்பு போலச் செருகுகிறது. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் வண்டியையே தூக்கி நிறுத்துகிறது. ஓடும்போது இரும்பும் பித்தளையும் தொடுவதே இல்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பொறியியல் படித்த என் மாணவர்களுக்கு அந்தச் சமன்பாடு நினைவிருக்கும். எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது பாரத்தையே சுமக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பாரம் அழுத்தும் மேல்பக்கத்தில் எண்ணெய் விடாமல், கீழே வேஸ்ட்டை வைத்து அச்சே அதை வாரிக்கொண்டு போகும்படி விடுவது ஏன் சரி என்பதும் இதனால் விளங்கும்.

ஆனால் வேஸ்ட் காய்ந்தால்? ஒரு நூல் தாங்கிக்குள் சிக்கினால்? மழைத் தண்ணீர் புகுந்தால்? படலம் கிழியும். உலோகம் உலோகத்தில் உரசும். பூச்சு உருகும். வேஸ்ட் தீப்பிடிக்கும். கவனிக்காவிட்டால் அச்சு முனை பழுத்து முறிந்து வண்டி தடம் புரளும். அமெரிக்காவில் இதற்கு ஹாட் பாக்ஸ் என்று பெயர். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கூரைக்கு மேல் ஒரு ஜன்னல் கூண்டு வைத்து, முன்னால் எங்கேயாவது புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். நம் ரயில்வேயில் ஹாட் ஆக்சில்.

இங்கேதான் பெரியப்பா வருகிறார். வண்டி வந்து நின்றதும் ஒரு கையில் எண்ணெய்க் கேன், இன்னொரு கையில் கொக்கி, ராத்திரியானால் கூடவே ஒரு விளக்கு. ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே நடப்பார். எந்தப் பெட்டி வழக்கத்துக்கு மேல் சுடுகிறது என்று அந்தக் கை சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் மேலே சொல்வார். அந்த வேகனைக் கழற்றி ஓரங்கட்டிவிட்டுத்தான் வண்டி கிளம்பும். நான்கு சக்கர வேகனுக்கு நான்கு பாக்ஸ். ஐம்பது வேகன் என்றால் இருநூறு. ஒன்று தவறினாலும் எங்கோ நடுக்காட்டில் விபத்து. ஒரு நாள் அவரிடம், "பெரியப்பா, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "காய்ச்சல் வந்த புள்ளைய தொட்டுப் பாக்கற மாதிரிதான் தம்பி" என்றார். டவர் யார், ரெனால்ட்ஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கண்ட படலம் கிழிந்ததா இல்லையா என்று அவர் கைக்குத் தெரியும்.

இதே வேலையைச் செய்த இன்னொருவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. எலைஜா மெக்காய். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து கனடாவுக்குத் தப்பி ஓடியவர்கள். 1840களில் அங்கே பிறந்த மகனைப் பதினைந்து வயதில் கடல் தாண்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். இயந்திரப் பொறியாளராகத் தேறி அமெரிக்காவின் மிச்சிகனுக்கு வந்தார். கறுப்பர் என்பதால் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கிடைத்தது கரி அள்ளிப் போடும் வேலையும் எண்ணெய் விடும் வேலையும்தான்.

எண்ணெய்க் கேனோடு நின்ற அந்தப் பொறியாளர் சும்மா இருக்கவில்லை. எஞ்சினின் பாகங்களுக்கு எண்ணெய் விட அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருந்ததைப் பார்த்தார். 1872இல் தானாக எண்ணெய் விடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நீராவியின் அழுத்தமே எண்ணெயை அளவாக உள்ளே அனுப்பும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது சக்கர அச்சுக்கான கருவி அல்ல, நீராவி எஞ்சினுக்கானது. இந்த வகையில் உலகிலேயே முதலாவதும் அல்ல. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1860இலேயே ஒன்று செய்திருந்தார். அசல் சரக்கைக் குறிக்க ஆங்கிலத்தில் "தி ரியல் மெக்காய்" என்பார்களே, அது இவர் கருவியால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதையும் அப்படியே நம்பாதீர்கள். அதே தொடர் "ரியல் மெக்கே" என்ற வடிவில் ஸ்காட்லாந்தில் 1856லேயே அச்சாகியிருக்கிறது. மெக்காயின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. வாழ்நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள், பெரும்பாலும் எண்ணெய் விடும் முறைகள் பற்றியவை. பலவற்றின் உரிமையைக் கைக்காசுக்காக விற்றார். 1920இல்தான் தன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்க முடிந்தது. 1929இல் காலமானார். 2012இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் டெட்ராய்டில் திறந்த கிளைக்கு அவர் பெயரை வைத்தது.

சாலை வண்டிக் கதையையும் முடித்துவிடுகிறேன். சிகாகோவில் ஆர்தர் கல்போர்க் என்ற இளைஞர், அப்பாவின் வார்ப்புப் பட்டறை இயந்திரங்களில் தினமும் எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்பிச் சலித்துப்போனார். அதனால், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் கிரீஸை அழுத்தி ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ லாரிகளில் அது பயன்பட்டது. பிறகு 1920களில் ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் அதை எளிமையாக்கினார். சிறிய உலோகக் குமிழ், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. கன்னை வைத்து அழுத்தினால் குண்டு விலகிக் கிரீஸ் போகும், எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். நம் பட்டறைகளில் கிரீஸ் நிப்பிள் என்கிறோமே, அதுதான். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் குனிந்து கிரீஸ் அடிக்கிற என் மாணவர்களே, மூவாயிரம் வருடக் கேள்விக்கான பதில் உங்கள் கட்டைவிரல் அளவுகூட இல்லை.

ரயிலில் வேஸ்ட்டும் மூடியும் போய் உருளை பேரிங் வந்துவிட்டது. வண்டிப் பட்டறை முதலாளியான ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை பெற்ற கூம்பு உருளை பேரிங் அதில் முக்கியமானது. 1930இல் அவர் கம்பெனி எல்லா அச்சிலும் உருளை பேரிங் வைத்த ஒரு நீராவி எஞ்சினைச் செய்வித்து, சில பெண்களைக் கயிற்றால் இழுக்கச் சொல்லி ஊருக்குக் காட்டியது. நின்றிருக்கும் வண்டியில் எண்ணெய்ப் படலம் இருக்காது, அதனால் பழைய தாங்கி கிளம்பும்போது முரண்டு பிடிக்கும். உருளைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1955இல் தொடங்கிய நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளும் உருளை பேரிங்கில்தான் ஓடுகின்றன. இன்றும் வண்டி ஸ்டேஷனுக்குள் வரும்போது ஊழியர்கள் இரு பக்கமும் நின்று கவனிப்பார்கள், தொடாமலே சூட்டை அளக்கும் கருவி கையில் இருக்கும். அடுத்த முறை பிளாட்பாரத்தில் அவர்களைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

காப்புரிமை வாங்கியவர் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கும். கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் பெயரை வீட்டார்தான் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தாத்தா, மாமா, சித்தப்பா என்று யாராவது பட்டறையிலோ மில்லிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்திருந்தால், அவர் என்ன கருவி பிடித்தார், அதற்கு என்ன பெயர் சொன்னார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மசைக்குழாய் என்ற சொல்லே இன்னும் பத்து வருடத்தில் யாருக்கும் தெரியாது. இதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் போட நான் இருக்கிறேன்.